உங்கம்மா போன் பண்ணாங்க

ஹோலம்வில், மின்னசோட்டா
நவம்பர் 25, 1986

மிஸ் மார்னி ட்ரெம்ப்ளே,

உன் பெயரையும் விலாசத்தையும் உங்கள் கல்லூரி விளையாட்டு அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். அங்கே இருந்தவர் கொடுக்கத் தயங்கினார். "பொண்ணு மேல கம்ப்ளெயின்ட் எதுவும் இல்லையே?" என்றார். "நிறைய இருக்கு" என்றேன். கொடுத்துவிட்டார்.

நான் ஆர்வோ ரௌத்தியோவின் தாய். போன சனிக்கிழமை உங்கள் ஊர்ப் பனித்தளத்தில் நடந்த ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் செயின்ட் ஒடிலோ கல்லூரிக்காகக் கோல் காத்தவன் என் மகன்தான். உங்கள் மாணவர் கூட்டம் அவனை "சல்லடை, சல்லடை" என்று கத்தியதைப் பற்றி நான் எழுதவில்லை. ஆறு கோல் விட்டவனை வேறு என்னவென்று சொல்வார்கள்? பதினான்கு வருடம் அவனை வண்டியில் பனித்தளம் பனித்தளமாகக் கூட்டிக்கொண்டு போனவள் நான். கத்தல் எனக்குப் புதிதில்லை.

நான் எழுதுவது அந்தத் தொலைபேசியைப் பற்றி. ஆட்டத்தைச் சமையலறையில் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் இடைவேளை முடிந்து ஆட்டக்காரர்கள் பனிக்குத் திரும்பியதும் உங்கள் பக்கத்திலிருந்து மணி அடித்தது. ஒரு பெண் போனை எடுத்ததாக வர்ணனையாளர் சொன்னார். பிறகு அத்தனை பேரும்: "ரௌத்தியோ! உங்கம்மா போன் பண்ணாங்க! ஹில்க்கா போன் பண்ணாங்க!" ஒருத்தன்: "என்ன சொன்னாங்க?" எல்லாரும்: "நீ ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லையாம்!"

நான் யாருக்கும் போன் பண்ணவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆர்வோ என்னைக் கூப்பிட்டான். எட்டு மாதத்தில் முதல் தடவை. "அவங்ககிட்டயும் சொல்லிட்டியா?" என்றான். போனை வைத்துவிட்டான்.

அந்த வார்த்தைகளை உங்களுக்கு யார் கொடுத்தது? என் பெயர் எப்படித் தெரிந்தது? திரும்பும் தபாலில் பதில் வேண்டும்.

ஹில்க்கா ரௌத்தியோ


காப்பர் பே கல்லூரி, மிச்சிகன்
டிசம்பர் 2, 1986

மதிப்பிற்குரிய திருமதி ரௌத்தியோ,

உங்கள் கடிதத்தை இசைக்குழு அறையில் வைத்துப் படித்தேன். அது தப்பு. டிராம்போன்காரர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். இரண்டு நாளாக என்னைக் கண்டால் "பாத்திரம் கழுவிட்டியா?" என்று கேட்கிறார்கள். உங்களுக்கு ஒரு தொல்லை என்றால் எனக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான் இசைக்குழுவில் முரசு அடிப்பவள். தொலைபேசியும் என் பொறுப்பு. அது கறுப்புத் தொலைபேசி, கம்பி கிடையாது, எங்கேயும் இணைப்பு இல்லை. ஒரு கரண்டியால் மணியைத் தட்டுவேன். 1969-இல் ஒரு ஆட்டத்தின் நடுவில் தாழ்வாரத்துப் பொதுத் தொலைபேசி நிஜமாகவே அடித்ததாம். ஒரு மாணவர் எடுத்து, எதிரணிக் கோல்கீப்பரைப் பார்த்து, "உங்கம்மாடா!" என்றாராம். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு கோல்கீப்பருக்கும் அம்மா போன் பண்ணுகிறார். ஒவ்வொரு அம்மாவும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார். போன வருடம் ஒரு கோல்கீப்பரின் அம்மா நேரிலேயே வந்திருந்தார். நாங்கள் கத்தியதும் எழுந்து நின்று கும்பிடு போட்டார். அவருக்குத்தான் அன்று பெரிய கைதட்டல்.

ஆக, உங்கள் மகன் நினைப்பது போல யாரும் எதையும் சொல்லவில்லை. பதினேழு வருடமாக ஒரே வசனம். பெயர் மட்டும் மாறும். பெயர்களைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு குழு இருக்கிறது.

இதற்காக வழக்கத்தை நிறுத்தச் சொன்னால் நடக்காது. இந்தக் கூட்டத்தில் நிற்க டிக்கெட் கிடைப்பதற்கு நாங்கள் உறைபனியில் இரண்டு ராத்திரி கூடாரம் போட்டுப் படுக்கிறோம். அத்தனை கஷ்டப்பட்டு உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? நீங்களே ஒரு நடை போய் மகனிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமே.

மார்னி ட்ரெம்ப்ளே


ஹோலம்வில்
டிசம்பர் 8, 1986

மிஸ் ட்ரெம்ப்ளே,

போய்ச் சொல்லலாமாம். இருபது வயதில் எல்லாம் எளிதாக இருக்கிறது.

போனேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே போனேன். மூன்று மணி நேரம் ஓட்டினேன். நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், பனி எனக்கு ஒன்றுமில்லை. விடுதி வாசலுக்கு வந்தான். "ரோடு எப்படி இருந்தது?" என்றான். "நல்லா இருந்தது" என்றேன். "சாயங்காலம் காத்து அடிக்குமாம், வெளிச்சத்திலேயே கிளம்பு" என்றான். ஏலக்காய் ரொட்டியைக் கையில் கொடுத்தேன். திரும்பி வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பேச்சு அவ்வளவுதான். அவன் அப்பா இருந்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன். போன மார்ச்சில் என் கணவர் ஒன்னி இறந்தார். புதைத்த மறுநாள் காலை ஆர்வோ பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டத்துக்குக் கிளம்பினான். வந்திருந்தவர்கள் குடித்த காபிக் கோப்பைகள்கூட இன்னும் கழுவவில்லை. நான் சொன்னேன்: "நீ ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லை."

ஆமாம், அதே வார்த்தைகள்தான். பதினேழு வருடமாக எல்லா அம்மாக்களையும் நீங்கள் சொல்ல வைக்கிற அதே வசனம். சமையலறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். அதை எண்ணூறு பேர் என் பெயரைச் சொல்லிக் கத்தினால் அவன் என்ன நினைப்பான்?

அதனால் நீ அவனுக்கு எழுது. வசனம் பழையது, எல்லாருக்கும் பொது என்று எழுது. நான் சொன்னால் நம்ப மாட்டான்.

இன்னொன்று. அக்டோபரில் உங்கள் கல்லூரியில் ஆட்டத்தன்று விற்கும் ஆட்டப் புத்தகத்துக்காக என்று ஒரு பெண் போனில் பேசினாள். வருகிற அணியின் ஆட்டக்காரர்களைப் பற்றிக் கட்டுரை போடுவதாகச் சொன்னாள். மரியாதையான பெண். ஆர்வோவைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். புத்தகம் அனுப்புவதாகச் சொன்னாள், வரவில்லை. அவள் யாரென்று விசாரி. அவள் எழுதியதையும் அவனுக்கு அனுப்பினால் நல்லது.

ஹில்க்கா ரௌத்தியோ


காப்பர் பே
ஜனவரி 12, 1987

மதிப்பிற்குரிய திருமதி ரௌத்தியோ,

விடுமுறையில் இதை நான்கு தடவை எழுதி நான்கு தடவை கிழித்தேன். அதனால்தான் தாமதம்.

முதலில், உங்கள் மகனுக்கு எழுதினேன். நேர்மையாக எழுதினேன். உறையே திரும்பி வந்தது. பிரித்துப் படித்திருக்கிறார். கீழே, "போன வருஷம் எங்க கோல்கீப்பருக்கு ஒரு பொண்ணு எழுதின காதல் கடிதமும் இதே கையெழுத்துதான். வேற ஆளப் பாரு" என்று எழுதியிருக்கிறார்.

அவர் சொன்னது சரி. அந்தக் காதல் கடிதத்தை எழுதியது நான்தான். ஆட்டத்துக்கு முந்தின வாரம் எதிரணிக் கோல்கீப்பரைக் குழப்பக் கடிதம் போடுவது இங்கே வழக்கம். இப்போது நான் எழுதும் உண்மையை ஒருத்தரும் நம்பத் தயாரில்லை. எரிச்சலாக இருக்கிறது. யார்மேல் எரிச்சல்படுவது என்று தெரியவில்லை, அதனால் முரசைக் கிழியக் கிழிய அடிக்கிறேன்.

இரண்டாவது. அந்த ஆட்டப் புத்தகப் பெண்ணை விசாரிக்கச் சொல்லியிருந்தீர்கள்.

அது நான்தான். ஆட்டப் புத்தகமும் இல்லை, கட்டுரையும் இல்லை. பெயர் கண்டுபிடிக்கும் குழு என்று எழுதினேனே, அந்தக் குழுவும் நான்தான். உங்கள் பெயர் மட்டும்தான் எனக்குத் தேவைப்பட்டது. இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிட்டது. மீதி முப்பத்தெட்டு நிமிடம் நீங்களாகவே பேசினீர்கள். நடுவில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. இதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை.

மன்னித்துவிடுங்கள்.

மார்னி


ஹோலம்வில்
ஜனவரி 19, 1987

மிஸ் ட்ரெம்ப்ளே,

அந்தப் பெண்ணுக்கு ஏலக்காய் ரொட்டி அனுப்ப நினைத்தேன். விலாசம் தெரியாமல் போனதால் தப்பித்தேன்.

நான் ஏன் நாற்பது நிமிடம் பேசினேன் தெரியுமா? ஊரில் யாரிடமும் நான் நான்கு நிமிடம் பேசியதில்லை. அச்சில் வந்தால் அவன் படிப்பான் என்று நினைத்தேன். உடை மாற்றும் அறையில் யாராவது புத்தகத்தை நீட்டி, "ரௌத்தியோ, உங்கம்மா என்னென்னமோ சொல்லியிருக்காங்கடா" என்பார்கள், அவன் உட்கார்ந்து படிப்பான் என்று நினைத்தேன். அவனிடம் நேரே சொல்ல வராததையெல்லாம் உன்னிடம் சொன்னேன். எல்லாம் உன் வேடிக்கைக்குப் போய்விட்டது.

அந்த மார்ச் மாத வார்த்தையைச் சொன்னது நான். அதில் உன் தப்பு எதுவும் இல்லை. தினமும் பேருந்தில் கடைசிக் குழந்தை இறங்கிய பிறகு காலி இருக்கைகளைப் பார்த்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பழகுகிறேன். வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் வாய் வருவதில்லை. எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

இனி எனக்கு எழுதாதே.

ஹில்க்கா ரௌத்தியோ


காப்பர் பே
பிப்ரவரி 24, 1987

மதிப்பிற்குரிய திருமதி ரௌத்தியோ,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். திட்டுவதென்றால் இதையும் சேர்த்துத் திட்டுங்கள்.

இந்த உறையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன.

ஒன்று, நான்கு பக்கக் குறிப்பு. அக்டோபரில் நீங்கள் பேசியபோது எழுதியது. பெயர் கிடைத்த பிறகும் கை நிற்கவில்லை. ஆறு வயதில் அவர் காலுறை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆடியது, பதினோரு வயதில் தோற்றுவிட்டு வண்டியில் எழுபது மைல் பேசாமல் வந்து கடைசியில் "பசிக்குது" என்றது, அவர் எந்தப் பனித்தளத்தில் எந்த மூலையில் நின்றாலும் நீங்கள் மேலேயிருந்து "குச்சியத் தரையில வை!" என்று கத்துவது. எல்லாம் இருக்கிறது. இது உங்களுடையது.

இரண்டு, ஒரு டிக்கெட். மார்ச் 7, சனிக்கிழமை, வெளியேற்றச் சுற்று. தோற்கிறவர்களுக்கு அன்றோடு இந்த வருடம் முடிந்தது. எதிரணி யார் என்று பார்த்தீர்களா? செயின்ட் ஒடிலோ. இருக்கை என் முரசுக்குப் பக்கத்தில். என் தம்பிக்காக வாங்கி வைத்திருந்தது. அவன் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

மூன்று, ஒரு துண்டுச்சீட்டு. அதில் எழுதியிருப்பது: "உங்கம்மா சொன்னது தப்பாம்." மணியை நான் தட்டுவேன். போனை நீங்கள் எடுங்கள். கூட்டம் "என்ன சொன்னாங்க?" என்று கேட்கும்போது இந்தச் சீட்டைப் படியுங்கள். அதையே எல்லாரும் திரும்பச் சொல்வார்கள். எங்கள் ஆட்களைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். தொலைபேசியிலிருந்து எது வந்தாலும் கத்திவிட்டுத்தான் அர்த்தம் பார்ப்பார்கள்.

கடிதத்தைத்தானே அவர் நம்பவில்லை. உங்கள் குரலை எப்படி நம்பாமல் இருப்பார்?

மார்னி


ஹோலம்வில்
பிப்ரவரி 28, 1987

மிஸ் ட்ரெம்ப்ளே,

குறிப்பு வந்தது. வைத்துக்கொள்கிறேன்.

ஐந்து மணி நேரம் ஓட்டி வந்து, எதிரிக் கூட்டத்தில், முரசுக்குப் பக்கத்தில் நின்று, எண்ணூறு பேர் பார்க்க, கம்பியில்லாத போனில் பேச எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. டிக்கெட்டை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உன் தம்பிக்குக் கொடு. அவனோடு சமாதானமாகப் போ.

ஹில்க்கா ரௌத்தியோ


காப்பர் பே
மார்ச் 10, 1987

மதிப்பிற்குரிய திருமதி ரௌத்தியோ,

உறையில் டிக்கெட் இல்லை. நான்கு தடவை தலைகீழாக உதறிப் பார்த்தேன். அப்போதே எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் சனிக்கிழமை அந்தப் பழுப்பு மேல்கோட்டோடு நீங்கள் படியேறி வந்து, "இந்த முரசு எவ்வளவு சத்தம் போடும்?" என்று கேட்டபோது கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

உங்களால் நான் பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும்.

நாம் பேசி வைத்தது என்ன? துண்டுச்சீட்டு. ஒரே ஒரு வரி. மூன்றாம் பகுதி ஆரம்பம், ஆளுக்கு ஒரு கோல், மணியைத் தட்டினேன். போனை உங்கள் கையில் கொடுத்தேன். "ரௌத்தியோ! உங்கம்மா போன் பண்ணாங்க!" என்று எல்லாரும் கத்தினார்கள். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்கள். நீங்கள் சீட்டைப் பிரித்தீர்கள். பார்த்தீர்கள். வாயைத் திறந்தீர்கள். ஒன்றும் வரவில்லை. பின்வரிசை மறுபடியும் "என்ன சொன்னாங்க?" என்றது.

அதற்குள் நடுவர் பக்கை, அந்த ரப்பர் வட்டை, பனியில் போட்டுவிட்டார். எங்கள் ஆள் இடது பக்கம் தப்பித்து நேராக உங்கள் மகனைப் பார்த்துப் பாய்கிறான். நீங்கள் சீட்டைக் கீழே விட்டீர்கள். போனை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அது தேவையே இல்லாத குரலில்,

"ஆர்வோ! குச்சியத் தரையில வைடா!"

சத்தியமாகச் சொல்கிறேன், என் முரசு எவ்வளவு சத்தம் போடும் என்று கேட்ட ஆள் அப்படிக் கத்துவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குச்சி தரையில் விழுந்த சத்தமும் பக் அதில் பட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

அப்புறம் என்ன? எங்கள் ஆட்கள். கத்திவிட்டுத்தான் அர்த்தம் பார்ப்பார்கள் என்று எழுதினேனே. "குச்சியத் தரையில வை! குச்சியத் தரையில வை!" எண்ணூறு பேர். இசைக்குழு தாளம் வேறு போட்டது. ஆட்டம் முடியும் வரை எதிரணிக் கோல்கீப்பருக்கு எங்கள் கூட்டமே பயிற்சி கொடுத்தது. அவரும் வைத்தார். கடைசி இருபது நிமிடத்தில் பதினேழு அடி, ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். எங்களுக்கு இந்த வருடம் முடிந்தது.

கூட்டம் கூடி என்னிடமிருந்து தொலைபேசியைப் பிடுங்கிவிட்டார்கள். கரண்டியை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். டிராம்போன்காரர்கள் என்னை "ரௌத்தியோ பொண்ணு" என்று கூப்பிடுகிறார்கள். உணவுக்கூடத்தில் இறைச்சி அடைத்த பாஸ்டி பரிமாறும் அம்மாள்கூட, "உனக்கா? நீ செயின்ட் ஒடிலோவுல போய்ச் சாப்பிடு" என்கிறார்.

நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. அந்த முதல் தடுப்புக்குப் பிறகு அவர் முகமூடியைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தார். நடுவர் விசில் அடித்தும் பார்த்துக்கொண்டே நின்றார். எங்கள் அணி தோற்கப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் முரசை நான் நிறுத்தவில்லை. இதை டிராம்போன்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆட்டம் முடிந்து அவர்கள் பேருந்துப் பக்கம் நீங்கள் இருவரும் நின்றதைப் பின்கதவிலிருந்து பார்த்தேன். அவர் கையை நீட்டிச் சாலையைக் காட்டினார். சாலையைப் பற்றியா பேசினீர்கள்? இத்தனைக்கும் பிறகு சாலையைப் பற்றியா?

மார்னி


ஹோலம்வில்
மார்ச் 16, 1987

அன்புள்ள மார்னி,

சாலையைப் பற்றித்தான். "ரோடு எப்படி இருந்தது?" என்றான். "நல்லா இருந்தது" என்றேன். "பாத்துப் போ" என்றான். அவர்கள் பேருந்து கிளம்பிவிட்டது. ஐந்து மணி நேரமும் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். துண்டுச்சீட்டில் மூன்றே வார்த்தை இருந்தது. அதைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. அவன் இடது பக்கம் திறந்து கிடந்தால் நான் வேறு என்ன செய்வேன்?

போன தடவை உறையில் வைக்காத டிக்கெட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வாசலில் ஒரு மூலையைக் கிழித்துவிட்டார்கள். தனிப் பொட்டலத்தில் ஏலக்காய் ரொட்டி இரண்டு வருகிறது. ஒன்று உன் தம்பிக்கு. டிராம்போன்காரர்களுக்குக் கொடுக்காதே.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஈரக்கையோடு எடுத்தேன். "அம்மா, நான்தான் போன் பண்றேன்" என்றான். நான் அந்த நான்கு பக்கக் குறிப்பை அலமாரியிலிருந்து எடுத்து, உன் கோணல் கையெழுத்தைப் பார்த்து, காலுறையிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் அவன் சிரித்தான். கடைசிப் பக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு உள்ளது எதுவும் தாளில் இல்லை. அதையும் சொன்னேன். போன வருடம் மார்ச் மாதத்தில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். காலி இருக்கைகளிடம் சொல்லிப் பழகியது போல வரவில்லை, திக்கித் திக்கித்தான் வந்தது. ஆனால் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு அவன் பேசினான்.

என்ன சொன்னான் என்று கேட்பாய். எண்ணூறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, முரசடித்துக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

ஹில்க்கா